வீட்டுக் கல்வியும் எழுத்துத் திறனும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் பெற்றோர் மலேசியாவில் இன்று பல இனத்தாரிடையேயும் உளர். தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் சிலர் இவ்வழியை மேற்கொள்கின்றனர். மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒருங்கே தர வேண்டும் என்பது சிலர் கருத்து. பிள்ளையின் வேகத்திற்கேற்பப் பாடம் நடத்த வேண்டும் என்பது வேறு சிலர் கருத்து. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாகும். வீட்டில் படிப்பிக்க விரும்புவோர் அமைச்சரின் விலக்கைப் பெறல் வேண்டும். இவ்வழி சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழாசிரியர்க்கும் தமிழ் வாசகர்க்கும் உரிய கேள்வி வேறொன்று உண்டு.

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு வீட்டில், பதின்மூன்று பதினான்கு வயதில், கையில் அகப்பட்டதையெல்லாம் படித்து, நோட்டுப் புத்தகத்தில் கதையும் கவிதையும் எழுதிப் பார்க்கும் பிள்ளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதற்கு வகுப்பறை இல்லை. கட்டுரை திருத்தும் ஆசிரியர் இல்லை. பேச்சுப் போட்டி, எழுத்துப் போட்டி என்று அழைத்துச் செல்வாரும் இல்லை. அப்பிள்ளை எழுத்தாளர் ஆதல் கூடுமா? கூடுமெனில், அதற்கு என்ன வேண்டும்?

கூடும் என்பதற்கு இலக்கிய வரலாற்றில் சான்றுகள் உள. அச்சான்றுகளை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வீடு நல்ல வாசகரை உண்டாக்கும். அந்த வாசகரை எழுத்தாளராக மாற்றுபவர், வீட்டுக்கு வெளியே இருந்து, உறவு பாராமல் படித்து, உள்ளதை உள்ளவாறு கூறும் இன்னொரு வாசகர். அந்த இரண்டாமவர் வாய்க்காத இடத்தில் திறன் கருகிப் போகிறது. அல்லது தனக்குரியதல்லாத உருவத்தை எடுத்துக்கொள்கிறது. இதனை மூன்று பெண்மணிகளின் எழுத்துக்களைக் கொண்டு ஆராய்ந்து, பின்னர் நம் பேரா மாநிலத்துக்கு வருவோம்.

பழைய வழக்கம்

வீட்டில் படித்தல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே ஓதக் கற்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறை அவர்களுக்குக் கை கொடுத்தது. குர்ஆன் ஓதக் கற்ற பெண், அதே எழுத்தைக் கொண்டு தமிழ் நூல்களையும் படிக்க முடிந்தது. முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் எனத் தமிழுக்கு முஸ்லிம் புலவர்கள் கொணர்ந்த இலக்கிய வகைகள் பல. அவற்றுள் சில வீட்டுக்குள்ளும் ஓதப்பட்டன, பாடப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த ஆசியா உம்மாள் (1868-1948) ஞானப் பாடல்கள் இயற்றியவர் என்பதை இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பயின்றோர் அறிவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே தெளிவாக உணர்தல் வேண்டும். வீட்டில் படித்தல் ஒன்று. படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்துதல் மற்றொன்று. முன்னது கல்வியின் ஒரு வழி; பின்னது கல்விக்குப் போடும் தாழ்ப்பாள். நாம் எடுத்துக்கொள்ளும் மூவருள் ஒருவர்க்குப் பள்ளி வாய்க்கவே இல்லை. மற்ற இருவரும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் பெற்ற வெற்றியைக் காட்டி, 'பள்ளி வேண்டாம், எழுத்து தானே வரும்' என்று ஒருவர் வாதிடுவாராயின், அது அவர்கள் பட்ட துன்பத்தைச் சான்றாக்கித் துன்பத்தையே பாராட்டுவதாகும்.

நாகூர்ச் சிறுமி

சித்தி ஜுனைதா பேகம் 1917இல் நாகூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதில் திருமணம், இளமையிலேயே கைம்மை. இந்நிலையில் அவர் வீட்டிலிருந்தே படித்தார், எழுதினார். 1938இல், தம் இருபத்தொன்றாம் அகவையில், 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அந்நூலுக்கு மதிப்புரை வழங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட எண்பத்து மூன்று வயது முதியவர், மூன்றாம் வகுப்புப் படித்த முஸ்லிம் பெண்ணொருத்தியின் நாவலைப் படித்துப் பாராட்டினார் என்பது தமிழ் உரைநடை வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

நாகூரின் சூழலையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வூர் குலாம் காதிறு நாவலர் (1833-1908) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். சாமிநாதையரும் அம்மகாவித்துவானிடமே பாடம் கேட்டவர். புலமை ஊறிய ஊரில், புத்தகங்கள் புழங்கிய வீட்டில் பிறந்ததனால் அம்மையாருக்கு வகுப்பறை தராததை வீடு தந்தது எனலாம்.

இனி நூலை நோக்குவோம். கற்பனை அரசு ஒன்றைக் களமாகக் கொண்டது அக்கதை. தலைப்பே கூறுவது போல உள்ளத்து விருப்புக்கும் ஏற்ற பொறுப்புக்கும் இடையே நிகழும் போராட்டம் அதன் பொருள். நடை செம்மையானது, தொடர்கள் தடுமாற்றமின்றிச் செல்கின்றன. அந்நாளில் அச்சேறிய எத்தனையோ கதைகளுக்கு இல்லாத கட்டுப்பாடு அதற்கு உண்டு. ஆயினும் விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. நாகூர்ச் சந்துகளும், கப்பலேறிப் போன ஆண்களுக்காகக் காத்திருந்த வீடுகளும், இளம் வயதில் கைம்மையுற்ற பெண்ணின் பகலும் இரவும் அந்நாவலின் களமாகவில்லையே, ஏன்?

விடை கடினமன்று. அவர் கற்றது புத்தகங்களிலிருந்து. ஆதலின் எழுதியதும் புத்தகங்களின் உலகத்தையே. 'இவளுக்கும் செந்தமிழ் வருமா?' என்று ஐயுற்ற உலகுக்கு முன்னால் முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது தம் தமிழறிவை. தம் தெருவை எழுதும் உரிமை அதற்குப் பின்னரே கேட்கத்தக்கதாயிருந்தது. இது அம்மையாரின் குறையன்று. அவருக்கு வாய்த்த வாசகர் உலகத்தின் எல்லை. சாமிநாதையர் போன்ற பேரறிஞர் தந்த ஊக்கம் ஒரு பெண்ணை அச்சுலகத்தில் நிலைநிறுத்தியது. 'உன் வீட்டையும் எழுதலாம்' என்று சொல்லும் வாசகரை அக்காலம் அவருக்குத் தரவில்லை. கிடைத்த வெளியில் அவர் செய்தது பெருஞ்செயல். அதனை மதிப்பவர்களே அதன் எல்லையையும் சுட்டிக்காட்டும் தகுதி உடையவர்கள்.

வங்கத்து ரொக்கேயா

தமிழகத்துக்கு வெளியே இதற்கு ஒப்பான வரலாறு வங்கத்து ரொக்கேயா சகாவத் ஹுசைனுடையது. 1880இல் ரங்கப்பூர்ப் பகுதியில், பெண்கள் வெளியே வராத செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி வாசலை மிதித்தவரல்லர். இரவில் வீட்டார் உறங்கிய பின் அண்ணன் விளக்கேற்றி வைத்து அவருக்கு ஆங்கிலமும் வங்கமும் கற்பித்தார். பின்னாளில் கணவர் எழுதுமாறு ஊக்கினார். கணவர் ஊரில் இல்லாத நாட்களில் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை 1905இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழொன்று என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. வங்கத்தில் அந்தப்புரத்தில் எழுதிய பெண்ணுக்கு வெளி வாசகர் சென்னையில் கிடைத்தார்.

பெண்கள் ஆட்சி நடத்த, ஆண்கள் உள்ளே அடைபட்டிருக்கும் நாடு ஒன்றை அக்கதை காட்டுகிறது. கற்பனை நாடுதான், ஆயினும் ஒவ்வொரு வரியிலும் அவர் இருந்த அந்தப்புரம் தலைகீழாகத் தெரிகிறது. கற்பனை வாழ்க்கையினின்று தப்பி ஓடும் வழியாகவும் அமையலாம். வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கும் சாளரமாகவும் அமையலாம். ரொக்கேயாவிடம் அது சாளரமாயிற்று. மற்றொரு செய்தியும் உண்டு. வீட்டிலேயே கற்ற இந்த அம்மையார், 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு முஸ்லிம் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தாம் பெற்ற வழியை எல்லாருக்கும் உரிய வழி என்று அவர் கருதவில்லை.

துவரங்குறிச்சியின் நள்ளிரவு

மூன்றாமவர் நம் காலத்தவர். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மா, பதின்மூன்று வயதில் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். ஊர் நூலகத்துப் புத்தகங்களே துணை. திருமணத்திற்குப் பின் எழுத்துக்கு எதிர்ப்பு மிகுந்தது, ஒளித்து எழுதினார், புனைபெயரில் வெளியிட்டார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்னும் கவிதைத் தொகுதி 2000இல் வந்தது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் நாவல் 2004இல் வந்தது.

ஜுனைதா பேகத்தின் நாவலுக்கும் இந்நாவலுக்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகள். அங்கே எழுதப்படாத வீடு இங்கே முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. அடுக்களைப் பேச்சு, மொட்டை மாடி, பெருநாள் தயாரிப்பு, மருமகளின் அச்சம், முதியவளின் கேலி ஆகிய யாவும் ராபியா என்னும் சிறுமியின் கண் வழியாகவும் பிறர் கண் வழியாகவும் விரிகின்றன. நாவலில் பாத்திரங்கள் மிகுதி. சில இடங்களில் கதை ஓட்டம் தளர்ந்து செய்திகள் அடுக்கப்படுகின்றன என்பது என் கருத்து. ஆயினும் மூடிய கதவுக்குள் நிகழும் பேச்சை இத்துணைச் செவிக்கூர்மையோடு பதிந்த தமிழ் நாவல்கள் சிலவே.

இந்நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர் ஒருவர் இவ்வரலாற்றைக் கேட்டு அஞ்சவும் கூடும்: 'என் பிள்ளைக்கு எழுதக் கற்பித்தால், எங்கள் வீட்டை ஊரம்பலம் ஏற்றிவிடுமோ?' இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அந்தப் பெற்றோர் கையில் இருக்கிறது. ஆதலின் அவ்வச்சத்திற்கு விடை கூறியே ஆக வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

மூவர் வரலாறும் சேர்ந்து கூறுவது யாது? மூவர்க்கும் புத்தகம் எட்டியது. எழுத்து கைக்கு வந்த பின், அந்த எழுத்தை வீட்டுக்கு வெளியே மதித்துப் படிப்பார் மூவர்க்கும் கிடைத்தனர்; ஒருவர்க்கு உ. வே. சா., ஒருவர்க்குச் சென்னை இதழ், ஒருவர்க்குச் சிறுபத்திரிகை உலகம். வீட்டுக்குள் துணை நின்றவர் நிலைதான் வேறுபட்டது. ரொக்கேயாவுக்கு அண்ணனும் கணவரும் இருந்தனர். ஆதலின் எழுத்து எதிர்ப்பின்றி வளர்ந்தது. அத்துணை கிடைக்காத சல்மாவின் எழுத்து இருளில் ஒளிந்து வளர்ந்தது. புத்தகம், வீட்டுக்குள் ஒரு துணை, வெளியே ஒரு வாசகர் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி வீட்டுக் கல்வி எழுத்துக் கல்வி ஆகாது. முதலிரண்டையும் பெற்றோர் தரலாம். மூன்றாவதைத் தர வேண்டியவர்கள் நாம்.

தபால் வழி வந்த வகுப்பறை

இது மலாயாவுக்குப் புதிய செய்தியன்று. இம்மண்ணில் தமிழ் எழுத்து வளர்ந்த வரலாற்றில் பள்ளிக்கூடத்துக்குள்ள பங்கைவிட இதழ்களுக்குள்ள பங்கு பெரிது. அவ்விதழ்களின் தொடக்கத்திலேயே முஸ்லிம் புலவர்கள் நிற்கின்றனர். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். முன்னர்க் கூறிய நாகூர்க் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். நாகூரின் புலமை கடல் கடந்து பேராவின் வாயிலாகிய பினாங்கை அன்றே எட்டிவிட்டது.

அதன் பின் தோட்டங்களின் காலம் வந்தது. கோலகங்சாரில் 1877இல் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பெருகிக் காடாயின. மரம் வெட்டத் தமிழர் வந்தனர். அவர்களுக்கு அரிசியும் துணியும் விற்கத் தமிழ் முஸ்லிம் வணிகரும் வந்தனர். ஈப்போவில் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல் 1908இல் எழுந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு முடிந்தன. பன்னிரண்டு வயதுப் பையன் காலையில் பெரட்டுக்கு நின்றான். பெண் பால் வாளி தூக்கினாள், அல்லது ஆயாக் கொட்டகையில் குழந்தை பார்த்தாள். அவர்களும் ஒரு வகையில் பள்ளியில்லாப் பிள்ளைகளே.

அவர்களிடையிலிருந்து எழுத்தாளர்கள் எவ்வாறு தோன்றினர்? 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பகுதியில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஊரடங்கும் முள்வேலியும் நிறைந்த அந்நாட்களில், 1950, 1951 ஆகிய ஆண்டுகளில், 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தினர். கதை எழுதும் முறையைப் பாடமாக விளக்கி, வாசகரை எழுதச் செய்து, வந்தவற்றை ஆராய்ந்து தரம் கூறினர். வகுப்பறை நாளிதழின் பக்கம். ஆசிரியர் வந்து சேர்ந்த வழி தபால். மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்கு அது ஒரு திருப்பம் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புவர். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நடத்திய மாணவர் மணிமன்றமும் இளையோரை எழுத்தில் பழக்கிற்று.

இம்முயற்சிகளின் வெற்றிக்குக் காரணம் பரிசுத் தொகையன்று. எழுதியவன் முகத்தை அறியாத ஒருவர் அவன் கதையைப் படித்து, 'இந்த இடம் பொய். இந்த இடம் மெய்' என்று கூறியதே காரணம். வீட்டார் கூறும் பாராட்டில் அன்பு கலந்திருக்கும். தோழன் கூறும் குறையில் போட்டி கலந்திருக்கும். முன்பின் அறியாதவர் கூறும் சொல்லில் எழுத்து மட்டுமே நிற்கும். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. அது நடத்திய வகுப்பின் கருத்து நின்றுவிட வேண்டியதில்லை.

திருத்துவோர் செய்யும் பிழை

வெளி வாசகர் கிடைத்தால் மட்டும் போதாது. அவர் எப்படிப்பட்டவர் என்பதும் முக்கியம். நம்மில் பலர் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தும்போது ஒரு பிழை செய்கிறோம். எடுத்துக்காட்டாக இரண்டு பத்திகளை நானே அமைத்துக் காட்டுகிறேன்.

முதற்பத்தி: 'கதிரவன் தன் பொற்கதிர்களை வீசியவாறு கீழ்வானில் உதித்தான். பறவைகள் இன்னிசை பாடின. சலீம் என்னும் நற்பண்பு மிக்க சிறுவன் துயிலெழுந்து தன் அன்னையின் பாதம் வணங்கினான்.'

இரண்டாம் பத்தி: 'பாங்கு சொல்வதற்கு முன்பே அத்தா கடைச் சாவியை எடுத்துவிடுவார். அந்தக் கொத்தில் ஒரு சாவி எதற்கும் ஆகாது. அது பழைய தோட்டத்துக் கடைச் சாவி. கடையும் இல்லை, தோட்டமும் இல்லை. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. ஆனாலும் அத்தா அதைக் கழற்றிப் போடமாட்டார்.'

முதற்பத்திக்கு நாம் மதிப்பெண் இடுகிறோம். அதில் சந்திப்பிழை இல்லை. 'நல்ல சொல்வளம்' என்றும் எழுதுகிறோம். ஆனால் அதில் உண்மை ஒன்றுமில்லை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை காலையில் தாய்க்குச் சலாம் கூறும், பாதம் வணங்காது. பிள்ளை தன் வீட்டை எழுதவில்லை. கட்டுரை நூலில் கண்ட வேறொரு வீட்டைப் படியெடுத்திருக்கிறது. இரண்டாம் பத்தியைப் பார்த்ததும் 'அத்தா' என்பதை அடித்துத் 'தந்தை' என்று எழுத நம் சிவப்பு மை துடிக்கிறது. அடித்துவிட்டால் அங்கே ஒரு சொல் மட்டும் போகவில்லை. அந்தச் சாவிக்கொத்தைக் கண்ட கண்ணும் போய்விடுகிறது.

தமிழின் தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. வழக்குச் சொல்லை எங்கும் நிரப்புக என்று நான் கூறவில்லை. உரையாடலிலும் உறவுப் பெயரிலும் வீட்டுச் சொல் நிற்கட்டும். எடுத்துரைக்கும் பகுதியில் தெளிந்த பொதுத் தமிழ் நிற்கட்டும். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) தென்கோடிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சை அப்படியே ஏந்தி வந்தது; தமிழ் அதனால் வறுமைப்படவில்லை. 'சாய்வு நாற்காலி'க்காக அவர் 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ஈப்போத் தெருவில் 'அத்தா'வும் 'நன்னி'யும் பேசும் தமிழில் ஊர்ச் சொல்லும் மலாய்ச் சொல்லும் கலந்திருக்கும். எழுதப்பட்டாலன்றி அந்தப் பேச்சு பேசியவர்களோடு மறையும்.

இரண்டாவது பிழை, ஒவ்வொரு கதைக்கும் ஈற்றில் நீதி கேட்பது. மார்க்கப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளையிடம் நாம் இதனை இன்னும் மிகுதியாகக் கேட்கிறோம். பொய் சொன்னவன் கெட்டான், தொழுதவன் உயர்ந்தான் என்று கதை முடிய வேண்டும் என எதிர்பார்க்கிறோம். நன்னெறி வீட்டில் நாள்தோறும் ஓதப்படுகிறது. கதை அதனை மறுபடியும் ஓத வேண்டுவதில்லை. நன்னெறியோடு வாழ முயலும் மனிதன் எங்கே தடுமாறுகிறான், எங்கே எழுகிறான் என்பதைக் காட்டுவதே கதையின் வேலை. தடுமாற்றத்தைக் காட்டாத கதையில் எழுச்சிக்கும் பொருளில்லை.

பெற்றோரின் அச்சத்திற்கு விடை

இப்போது முன்னர் விட்ட கேள்விக்கு வருவோம். வீட்டு மறைபொருள் வெளியேறும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு நாம் கூறத்தக்கவை இரண்டு.

ஒன்று, எழுதுவதும் வெளியிடுவதும் வெவ்வேறு. பதினான்கு வயதில் எழுதியதெல்லாம் அச்சேற வேண்டிய கட்டாயமில்லை. நோட்டுப் புத்தகம் பிள்ளைக்குச் சொந்தம். அதனைப் பூட்டைத் திறந்து படிக்கும் பெற்றோர், பிள்ளையை ஒளித்து எழுதப் பழக்குகின்றனர். ஒளித்து எழுதும் பிள்ளை எழுதாமல் விடுவதில்லை. வீட்டாரிடம் காட்டாமல் விடுகிறது. அவ்வளவே வேறுபாடு.

இரண்டு, பிறர் துன்பத்தைப் பெயர் சுட்டிப் பறைசாற்றாமல் எழுதும் நாகரிகத்தையும் எழுத்துப் பயிற்சியே கற்பிக்கிறது. அண்டை வீட்டு மாமியின் பெயரையும் ஊரையும் மாற்றி, அவர் துயரத்தின் உண்மையை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பது கதைக்கலையின் முதற்பாடங்களுள் ஒன்று. பயிற்சியில்லாதவர் எழுத்துத்தான் வம்பாக மாறும். பயின்றவர் எழுத்து பரிவாக மாறும்.

அதே வேளையில் ஆசிரியர்க்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டின் நம்பிக்கையைக் குலைப்பதே இலக்கியம் என்று கருதி, பிள்ளையைத் தூண்டிவிடுதல் ஆகாது. சல்மா எழுதியது தம் வாழ்க்கையின் நெருக்கடியிலிருந்து. அன்பும் உரிமையும் பெற்று வளரும் பிள்ளையிடம் அதே கோபத்தைக் கேட்பது, முன்னர்க் கண்ட 'பொற்கதிர்'ப் பத்தியைப் போன்றதே. அதுவும் இரவல் சரக்குத்தான். பிள்ளை கண்டதை எழுதட்டும். நாம் காண விரும்புவதை அன்று.

பேராவில் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களும் ஓய்வு பெற்றோரும் நிறைந்த மாநிலம் நம்முடையது. ஆசிரியர் ஒருவர் வீட்டில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் பொறுப்பேற்கட்டும். மாதம் ஒருமுறை பிள்ளை ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். பெண் பிள்ளையாயின் ஆசிரியையும் தாயும் அறியக் கடிதம் செல்லட்டும். திருத்துபவர் மூன்று குறிப்புகளுக்கு மேல் எழுதற்க: எந்த இடத்தில் கண்ணால் கண்டேன், எந்த இடத்தில் நம்பவில்லை, எந்த இடத்தில் மேலும் அறிய விரும்பினேன். எழுத்துப் பிழைகளைத் தனித் தாளில் குறிக்கலாம்; கதையின் மீது குறிக்க வேண்டாம்.

அடுத்து, புத்தகம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி நூலகம் இல்லை. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி வாரத்தில் ஒரு நாள் மாலை தன் நூலக வாயிலை அவர்களுக்குத் திறந்துவிடுமானால் செலவு ஒன்றுமில்லை. அங்கே இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் இருத்தல் வேண்டும். உமறுப் புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர் என்பது மரபு. சீறாப்புராணம் பாடிய புலவர்க்கும் சமயம் கடந்த ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார் என்பதை அப்பிள்ளைகளும் அறியட்டும், அவர்தம் பெற்றோரும் அறியட்டும்.

மூன்றாவது, பொருள். பேராவின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. லயத்து வாழ்க்கையை நினைவில் வைத்திருப்போர் முதுமை எய்திவிட்டனர். தோட்டக் கடையில் கணக்கெழுதிய முஸ்லிம் பெரியவருக்கும், அக்கடையில் கடன் வாங்கிய பால்மரத் தொழிலாளிக்கும் இடையே இருந்த உறவு நம் கதைகளில் போதிய அளவு எழுதப்படவில்லை. சம்பள நாளில் கடன் தீர்ந்ததும் தீராததும், பெருநாள் பிரியாணி லயத்துக்குப் போனதும், தீபாவளிப் பலகாரம் கடைக்கு வந்ததும் வீட்டுத் திண்ணையில் இன்றும் பேசப்படும் செய்திகள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பகலில் முதியவர்களோடு அமரும் நேரம் உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைக்கு இல்லாத செல்வம் அது. நன்னாவிடம் கேட்டு எழுதும் ஒரு பக்கம், பத்துக் கற்பனைக் கட்டுரைகளைவிட மேலான பயிற்சியாகும்.

நான்காவது, ஒரு பக்கம். நம் நாளிதழ்கள் மாதத்தில் ஒரு முறையேனும் பழைய கதை வகுப்பைப் போன்ற பகுதியை நடத்துதல் வேண்டும். பரிசு தராவிடினும் குற்றமில்லை. அனுப்பிய கதை ஏன் ஏற்கப்பட்டது, ஏன் ஏற்கப்படவில்லை என்று நான்கு வரி எழுதினால் போதும். காரணம் கூறாமல் வெளியிடுவதும், காரணம் கூறாமல் குப்பையிலிடுவதும் இளம் எழுத்தாளனுக்கு ஒன்றே. இரண்டிலும் அவன் கற்பது ஏதுமில்லை.

ஜுனைதா பேகத்துக்கு உ. வே. சா. போன்ற ஒருவர் வாய்த்தது அரிய பேறு. பேறு வாய்க்கும் என்று காத்திருப்பது கல்வி முறையாகாது. நாகூரில் அன்று தற்செயலாக நிகழ்ந்ததை ஈப்போவில் இன்று நாம் வழக்கமாக்க முடியும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு, இதனை யாரிடம் காட்டுவது என்று தயங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படிக்கும் பொறுப்பு நம்முடையது.